அமெரிக்கன் ஃபுட்பால்ல டிஃபென்சிவ் லைன்மேனா இருக்கிறவங்க கேரியர் எப்படி இருக்கும்? ஆட்டம் முடிஞ்சப்புறம் என்ன பண்ணுவாங்க?

கேள்விக்குக் கீழ விளக்கத்துல "முட்டி மோதுறதைத் தவிர இவங்களுக்கு வேற என்ன தெரியும்"னு ஒரு வரி போட்டிருக்கீங்க, அந்த வரிக்காகத்தான் உட்கார்ந்து எழுதறேன். நான் பல வருஷமா அமெரிக்காவுல மினசோட்டா மாநிலத்துல இருக்கேன், இந்தக் கேள்வியைப் பார்த்த உடனே எனக்கு ஞாபகம் வந்தது ஒரே ஒருத்தர்தான், இங்க டிஃபென்சிவ் லைன்மேனா ஆடின ஆலன் பேஜ். ஒருத்தரை வச்சு எல்லாரையும் சொல்லிட முடியாதுதான், ஆனா இந்த வேலை ஒரு மனுஷன்கிட்ட என்னெல்லாம் கேட்கும்ங்கிறது அவர் கதைல முழுசா இருக்கு.

முதல்ல வேலை என்னன்னு சொல்லிடறேன். பந்து கிடக்கிற கோட்டுக்கு அந்தப் பக்கம் அஞ்சு மலை மாதிரி ஆளுங்க நிப்பாங்க, அவங்களுக்குப் பின்னாடி பந்தை எறியற குவார்ட்டர்பேக். இந்தப் பக்கம் கையைத் தரையில ஊனிக்கிட்டு குனிஞ்சு நிக்கிறவங்கதான் டிஃபென்சிவ் லைன், பெரும்பாலும் நாலு பேர், ஓரத்துல ரெண்டு பேர் எண்ட், நடுவுல ரெண்டு பேர் டேக்கிள். பந்து பின்னாடி போன அடுத்த கணம் எதிர்ல நிக்கிறவனைத் தாண்டிப் போய், குவார்ட்டர்பேக் பந்தை எறியறதுக்குள்ள அவரைச் சாய்க்கணும், அதுக்குப் பேரு சாக். பந்தைத் தூக்கிட்டு ஓடி வந்தா ஓடறவனை மடக்கணும். ஒரு ஆட்டத்துல இது அம்பது அறுபது தடவை நடக்கும். கபடி பார்த்தவங்களுக்கு அந்தப் பிடி ஓரளவு புரியும், ஆனா இங்க எதிர்ல நிக்கிறவன் தொட்டுட்டு ஓடப் பார்க்கிறவன் இல்ல, உங்களை நகர விடாம தடுக்கிறதுக்குன்னே சம்பளம் வாங்கறவன், நடுவுல நிக்கிற டேக்கிளுக்கு பல நேரம் அப்படி ரெண்டு பேர் சேர்ந்து வருவாங்க. டிவில கேமரா பந்து பின்னாடியே போயிடும், அதனால இவங்க பட்ட பாடு யார் கண்ணுலயும் படாது. நானும் முதல் ரெண்டு மூணு வருஷம் பந்தை மட்டும்தான் பார்த்தேன். கூட வேலை பார்த்த ஒரு பெரியவர்தான் "பந்தை விடு, நடுவுல ரெண்டு பேரை மட்டும் பாரு"ன்னு சொல்லிக் கொடுத்தார், அன்னையில இருந்து ஆட்டமே வேற மாதிரி தெரிய ஆரம்பிச்சுது.

ஆலன் பேஜ் பிறந்தது 1945ல, ஒஹையோ மாநிலம் கேன்டன். இரும்பு ஆலை ஊர். சின்ன வயசுல இருந்தே அவருக்கு வக்கீல் ஆகணும்னுதான் ஆசை, ஆலையில ஒரே மாதிரி வேலையைத் தினமும் பார்க்கிற வாழ்க்கை வேண்டாம்னு நினைச்சிருக்கார். 1954ல கறுப்பினப் பிள்ளைகளை ஸ்கூல்ல பிரிச்சு வைக்கிறது செல்லாதுன்னு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் கொடுத்த தீர்ப்பு அந்த வயசுலயே அவர் மனசுல பதிஞ்சுடுச்சுன்னு அவரே பல தடவை சொல்லியிருக்கார். அதே கேன்டன்லதான் ஃபுட்பால்ல சாதிச்சவங்களைக் கௌரவிக்கிற ஹால் ஆஃப் ஃபேம் கட்டினாங்க, 1963ல திறந்தாங்க. அந்தக் கட்டட வேலையில டீனேஜ் பையனா கூலிக்கு வேலை பார்த்தவங்கள்ல இவரும் ஒருத்தர். 25 வருஷம் கழிச்சு 1988ல அதே கட்டடத்துக்குள்ள அவரோட வெண்கலத் தலைச் சிலையை வச்சாங்க. இதை எத்தனை தடவை நினைச்சாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

நோட்டர் டேம் யுனிவர்சிட்டில படிச்சு, அங்க 1966 டீம் நேஷனல் சாம்பியன் ஆனப்ப ஆடி, 1967 டிராஃப்ட்ல, அதாவது லீக் டீம்கள் காலேஜ் ஆட்டக்காரங்களை வரிசையா தேர்ந்தெடுக்கிறதுல, முதல் ரவுண்ட்ல 15வது ஆளா இவரை மினசோட்டா வைக்கிங்ஸ் டீம் எடுத்தாங்க. கார்ல் எல்லர், ஜிம் மார்ஷல், கேரி லார்சன், ஆலன் பேஜ், இந்த நாலு பேருக்கும் சேர்த்து பர்ப்பிள் பீப்பிள் ஈட்டர்ஸ்னு பேரு. ஊதா ஜெர்சி போட்டு ஆளைத் தின்னறவங்க. "குவார்ட்டர்பேக்கிட்ட சந்திப்போம்"ங்கிறதுதான் அவங்களுக்குள்ள பேச்சு. கோச் பட் கிராண்ட் மினசோட்டா குளிர்ல ஆட்டக்காரங்க பெஞ்சு பக்கம் ஹீட்டரே வைக்க விடமாட்டார், கை விறைச்சுப் போற குளிர்ல இவங்க பாட்டுக்கு நின்னு ஆடியிருக்காங்க.

அவங்க ஆடின மைதானம் இப்ப இல்ல. ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்தா நாம எல்லாரும் கூட்டிட்டுப் போற மால் ஆஃப் அமெரிக்கா இருக்குல்ல, அந்த இடம்தான் மெட் ஸ்டேடியம். உள்ள குழந்தைங்க ராட்டினம் சுத்தற இடத்துல தரையில அந்தப் பழைய மைதானத்தோட ஞாபகமா பேஸ்பால் ஹோம் பிளேட் மாதிரி ஒரு தகடு பதிச்சிருப்பாங்க, எல்லாரும் மிதிச்சுட்டுப் போவாங்க, நானும் அஞ்சாறு தடவை மிதிச்சுட்டுத்தான் ஒரு நாள் குனிஞ்சு படிச்சேன்.

பேஜ் ஆட்டத்துல என்ன விசேஷம்னா அவர் அந்தக் காலத்து டேக்கிள் மாதிரி இடத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற ஆள் இல்ல. பந்து அசைஞ்ச உடனே இவர் கிளம்பிடுவார், எதிராளி நிமிர்றதுக்குள்ள அவன் தோளுக்குப் பக்கத்துல இருப்பார். பலத்தை விட வேகம். 1971ல வைக்கிங்ஸ் 14 ஆட்டத்துல எதிரணிக்கு மொத்தமா விட்டுக்கொடுத்தது 139 பாயிண்ட்தான், ஆட்டத்துக்கு 10 கூட வரலை. அந்த வருஷம் லீக்ல சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி இவருக்குக் கொடுத்தாங்க. பந்தை எறியறவனுக்கும் தூக்கிட்டு ஓடறவனுக்கும் மட்டுமே போய்ட்டு இருந்த விருது, டிஃபென்ஸ் ஆடற ஒருத்தருக்கு முதல் தடவையா வந்தது அப்பதான். அதுக்கப்புறம் 1986ல லாரன்ஸ் டெய்லர் வாங்கினார், அவர் லைன்பேக்கர், அதாவது டிஃபென்சிவ் லைனுக்குப் பின்னாடி நிக்கிறவர். டிஃபென்சிவ் லைன்மேன்னு பார்த்தா இன்னைக்கு வரைக்கும் பேஜ் ஒருத்தர்தான். சாக் கணக்கை லீக் அதிகாரப்பூர்வமா எண்ண ஆரம்பிச்சதே 1982ல, இவர் ரிட்டயர் ஆனது 1981ல, அதனால அவரோட முக்கியமான நம்பர் லீக்கோட அதிகாரப்பூர்வ ரெக்கார்டு பட்டியல்ல ஏறலை. இது எனக்கு இன்னும் ஆறாத விஷயம்.

லீக்கோட இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் நாலு ஆடினார், நாலும் தோல்வி. கன்சாஸ் சிட்டி, மயாமி, பிட்ஸ்பர்க், ஓக்லண்ட் டீம்கள்கிட்ட. இங்க பழைய ஆளுங்ககிட்ட இதைப் பத்திப் பேச்செடுத்தா இன்னும் முகம் சுருங்கிடும், அதனால நான் எடுக்கிறதில்ல.

இனிமேதான் நீங்க கேட்ட "அப்புறம் என்ன பண்ணுவாங்க" வருது. பேஜைப் பொறுத்தவரை அப்புறம்னு ஒண்ணு தனியா இல்லவே இல்ல. ஆட ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே ஒரு லா காலேஜ்ல சேர்ந்து மூணு வாரத்துல விட்டுட்டார், முடியலை. சில வருஷம் கழிச்சு மறுபடியும் மினசோட்டா யுனிவர்சிட்டி லா ஸ்கூல்ல சேர்ந்து, முழு நேரமா ஃபுட்பால் ஆடிக்கிட்டே படிச்சு 1978ல டிகிரி வாங்கினார். ஞாயித்துக்கிழமை அத்தனை பேர்கிட்ட இடி வாங்கிட்டு அதே வாரம் கிளாஸ்ல காண்ட்ராக்ட் சட்டம் படிக்கிறதை யோசிச்சுப் பாருங்க, நான் ஆபீஸ் முடிஞ்சு வந்து ஒரு சர்டிஃபிகேஷன் பரீட்சைக்குப் படிக்கவே எவ்வளவு தள்ளாடினேன்னு எனக்குத் தெரியும்.

இன்னொரு பக்கம் அவர் மனைவி டயேன் சிகரெட்டை நிறுத்தறதுக்காக ஓட ஆரம்பிச்சாங்க, கூடவே இவரும் ஓட ஆரம்பிச்சார். ஓட்டம் இவருக்குப் பிடிச்சுப் போச்சு, உடம்பு இளைச்சுது, 245 பவுண்டுல இருந்தவர் 20 பவுண்டுக்கு மேல குறைஞ்சுட்டார். ஒரு டேக்கிளுக்கு வெயிட்தான் முதல், மோதி வர்ற ஆளைத் தாங்கற அளவுக்கு இவர்கிட்ட இப்ப கனம் இல்லைன்னு கோச் நினைச்சார். 1978 சீசன் நடுவுல வைக்கிங்ஸ் அவரைக் கழட்டி விட்டாங்க, சிகாகோ பியர்ஸ் டீம் 100 டாலர் வெய்வர் கட்டணம் (கழட்டி விட்ட ஆளை இன்னொரு டீம் எடுக்கக் கட்டற கட்டணம்) கட்டி எடுத்துக்கிட்டாங்க. எம்விபி வாங்கின ஆளோட விலை நூறு டாலர். இந்த வேலையோட நெஜ முகம் இதுதான், உங்க உடம்பு டீமுக்கு எந்த அளவுல வேணுமோ அந்த அளவுல இருக்கணும், ஏறினாலும் இறங்கினாலும் வெளிய போகணும், பழைய பெருமைக்கு அங்க மதிப்பு கிடையாது. பேஜ் சிகாகோல மேற்கொண்டு மூணு சீசனுக்கு மேல ஆடினார், மொத்தம் 218 ஆட்டம் ஒண்ணு கூட விடாம. 1979ல, லீக்ல ஆடிக்கிட்டு இருக்கும்போதே மாரத்தான் ஓடி முடிச்ச முதல் ஆட்டக்காரர்னு பேரும் வாங்கினார்.

அப்புறம் ஒரு லா ஃபர்ம்ல வக்கீல், அதுக்கப்புறம் மாநில அட்டர்னி ஜெனரல் ஆபீஸ்ல வேலை. 1992ல மினசோட்டா சுப்ரீம் கோர்ட் நீதிபதி பதவிக்கு நிக்கணும்னு முடிவு பண்ணார் (இங்க மாநில நீதிபதிகளை மக்கள் ஓட்டு போட்டுத் தேர்ந்தெடுப்பாங்க). ஆனா அந்த வருஷம் தேர்தலுக்கு வர வேண்டிய ஒரு நீதிபதியோட பதவிக் காலத்தை, பென்ஷனுக்குத் தேவையான வருஷம் வர்ற வரைக்கும்னு கவர்னர் நீட்டிச்சுட்டார். தேர்தலே இல்லைன்னா எப்படி நிக்கிறது? பேஜ் கேஸ் போட்டார். சுப்ரீம் கோர்ட் நீதிபதி சம்பந்தப்பட்ட கேஸை அதே நீதிபதிங்க விசாரிக்க முடியாதுன்னு அவங்களுக்குப் பதிலா வேற நீதிபதிங்களை உட்கார வச்சு விசாரிச்சாங்க, பேஜ் பக்கம் தீர்ப்பாச்சு. தேர்தல்ல நின்னார், ஜெயிச்சார். 1993 ஜனவரில அந்தக் கோர்ட்டோட முதல் கறுப்பின நீதிபதியா உட்கார்ந்தார். எதிர்ல வழியை அடைச்சுக்கிட்டு ரெண்டு பேர் நின்னாலும் இவர் போற இடத்துக்குப் போயே தீருவார், மைதானத்துலயும் கோர்ட்லயும். 70 வயசுல கட்டாய ரிட்டயர்மென்ட், 2015 ஆகஸ்ட் வரைக்கும், 22 வருஷத்துக்கு மேல இருந்தார்.

படிப்பு விஷயத்துலயும் அதே பிடிவாதம். 1988ல ஹால் ஆஃப் ஃபேம்ல சேர்க்கும்போது தன்னை மேடையில அறிமுகப்படுத்த பழைய கோச்சையோ கூட ஆடினவரையோ கூப்பிடலை, மினியாபொலிஸ்ல இருந்து ஒரு ஸ்கூல் பிரின்சிபால் அம்மாவைக் கூப்பிட்டார். பேசினதும் பசங்க படிப்பைப் பத்தித்தான். அதே வருஷம் அவரும் டயேனும் சேர்ந்து பேஜ் எஜுகேஷன் ஃபவுண்டேஷன் ஆரம்பிச்சாங்க, கறுப்பின, சிறுபான்மைப் பிள்ளைகளுக்குக் காலேஜ் ஃபீஸ் உதவி. அதுல ஒரு நிபந்தனை இருக்கு, ஸ்காலர்ஷிப் வாங்கற ஒவ்வொருத்தரும் ஸ்கூல்ல படிக்கிற சின்னப் பசங்களுக்கு நேரம் ஒதுக்கிச் சொல்லிக் கொடுக்கணும். பணமா திருப்பித் தர வேண்டாம், நேரமா கொடுன்னு கேட்கிறது எனக்கு ரொம்பப் பிடிச்சது.

2018ல மினியாபொலிஸ் சென்ட்ரல் லைப்ரரில அவங்க ரெண்டு பேரும் சேர்த்து வச்சிருந்த பொருட்களை வச்சு ஒரு கண்காட்சி நடந்துச்சு, போயிருந்தேன். கறுப்பினத்தவருக்கு இந்த வழி, வெள்ளையருக்கு அந்த வழின்னு எழுதின பழைய போர்டுகள், லிங்கன் இறந்தப்ப மக்கள் பிடிச்ச ஒரு பேனர். எந்த ஒரு ஃபுட்பால் கோப்பையும் கண்ணுல பட்டதா ஞாபகம் இல்ல. அந்த வருஷம் செப்டம்பர்ல டயேன் காலமானாங்க, நவம்பர்ல பேஜுக்கு பிரசிடென்ஷியல் மெடல் ஆஃப் ஃப்ரீடம் கொடுத்தாங்க. அதுக்கு முந்தின வருஷம் தெற்கு மினியாபொலிஸ்ல ஒரு மிடில் ஸ்கூலுக்கு ஜஸ்டிஸ் பேஜ்னு பேரு மாத்தியிருந்தாங்க. ஆட்டக்காரர் பேஜ்னு வைக்கலை, ஜஸ்டிஸ்.

உடம்பு என்ன விலை கொடுத்துச்சுன்னு கேட்டா அவர் சுண்டு விரலைப் பாருங்க, போட்டோ தேடினாலே வரும். ஆடும்போது திரும்பத் திரும்ப பிசகினதுல அது மத்த விரல்களோட சேராம எல் ஷேப்புல பக்கவாட்டுல நீட்டிக்கிட்டு நிக்கும், நீதிபதி அங்கி, போ டை எல்லாம் போட்டு எடுத்த படத்துல கூட அந்த விரல் மட்டும் தனியா தெரியும். அவரும் டீச்சரா இருக்கிற மகளும் சேர்ந்து அந்த விரலை வச்சே குழந்தைங்களுக்கு ஒரு புத்தகம் எழுதியிருக்காங்க.

அக்டோபர்ல இங்க மினியாபொலிஸ், செயின்ட் பால் ரெண்டு ஊரையும் சேர்த்து ட்வின் சிட்டிஸ் மாரத்தான் நடக்கும். ஒரு வருஷம் ஃப்ரெண்டு ஓடறான்னு கை தட்டப் போயிருந்தேன், காலங்காத்தால நல்ல குளிர். ஆரம்ப மைல்கள்ல ரோட்டோரம் நெட்டையா ஒரு பெரியவர் உடம்பைச் சுத்தி சூசஃபோன்ங்கிற ஒரு பெரிய பித்தளை ஊதுகுழலை மாட்டிக்கிட்டு, ஓடறவங்களைப் பார்த்து ஊதிக்கிட்டு நின்னார். பக்கத்துல நின்ன அம்மா "ஜஸ்டிஸ் பேஜ், வருஷா வருஷம் வருவார்"னாங்க. எம்விபின்னோ வைக்கிங்ஸ்னோ அவங்க சொல்லலை. ஃப்ரெண்டு அந்த இடத்தைத் தாண்டி ஓடிப் போனதே எனக்குத் தெரியலை, நான் அவரையே பார்த்துக்கிட்டு நின்னேன், கடைசி ஆள் தாண்டிப் போற வரைக்கும் அவர் ஊதறதை நிறுத்தலை.