எச்டி டிவிடி தரம் குறைவு என்பதால்தான் ப்ளூ-ரேயிடம் தோற்றதா?

கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. டிவிடிக்கு அடுத்து, அதைவிடத் தெளிவான எச்டி படம் பார்க்க வந்த இரண்டு டிஸ்க் வகைகள் தோஷிபாவின் எச்டி டிவிடியும் சோனி தரப்பின் ப்ளூ-ரேயும்; 2006-ல் தொடங்கிய அந்தச் சண்டையில் எச்டி டிவிடி தோற்றதற்குத் தரக்குறைவுதான் காரணமா என்பது ஒன்று. அமெரிக்காவிலிருந்து வந்த பழைய எச்டி டிவிடி பிளேயர் ஒன்று உங்களுக்குச் சல்லிசாகக் கிடைக்கிறது, வாங்கலாமா என்பது இன்னொன்று.

முதல் கேள்விக்கு என் பதில், இல்லை. மதுரை டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் வீடியோ கேசட் டெக் காலத்திலிருந்து சர்வீஸ் வேலை பார்த்தவன் நான். விசிடி, டிவிடி, அப்புறம் ப்ளூ-ரே என்று எல்லா பிளேயரையும் மூடி கழற்றிப் பார்த்திருக்கிறேன். இந்த இரண்டில் நம்ம ஊர்ப்பக்கம் வந்து நிலைத்திருக்கக்கூடியது எச்டி டிவிடிதான் என்பது அன்றைக்கும் என் எண்ணம், இன்றைக்கும் அதில் மாற்றமில்லை.

இரண்டுக்கும் லேசர் ஒன்றுதான். ஊதா கலந்த நீலம், 405 நானோமீட்டர். டிவிடிக்குச் சிவப்பு, 650. படத்தைச் சுருக்குகிற முறையும் இரண்டிலும் அதே மூன்றுதான்: எம்பெக்-2, விசி-1, எச்.264. வார்னர் பிரதர்ஸ் ஒரே படத்தை இரண்டு வகையிலும் வெளியிட்ட காலத்தில் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டால் எது எது என்று கண்ணால் சொல்வது கஷ்டம்.

வேறுபாடு டிஸ்கின் உடம்பில் இருக்கிறது. ஒரு டிவிடியை எடுத்து விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், நடுவில் மெல்லிய கோடு ஓடும். 0.6 மில்லிமீட்டர் தகடு இரண்டை ஒட்டிய இடம் அது, தகவல் எல்லாம் அந்த நடுவில்தான் பதிந்திருக்கும். எச்டி டிவிடியும் அச்சாக அதே அமைப்பு. ப்ளூ-ரேயில் அப்படி இல்லை, தகவல் மேல்பரப்பிலிருந்து வெறும் 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அதனால் லென்ஸ் இன்னும் கூர்மையாகக் குவிய முடிகிறது, ஓர் அடுக்கில் 25 ஜிபி ஏறுகிறது, எச்டி டிவிடியில் 15 ஜிபிதான். இரண்டடுக்கு டிஸ்க் என்றால் 50-க்கு 30. ப்ளூ-ரேயின் பலம் இந்த இட வசதிதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரிது. பரப்பை ஒட்டித் தகவல் இருப்பதால் சின்னக் கீறல்கூட ஆபத்து. 2003-ல் ஜப்பானில் சோனி விற்ற முதல் ப்ளூ-ரே ரெக்கார்டருக்கு டிஸ்கை ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்துத்தான் கொடுத்தார்கள். பிறகு டிடிகே கம்பெனி கீறல் விழாத கெட்டிப் பூச்சு ஒன்றைக் கொண்டுவந்த பிறகுதான் அந்தக் கூடு போனது. எச்டி டிவிடிக்கு இந்தத் தொல்லையே கிடையாது. டிவிடி அடிக்கிற மெஷினையே கொஞ்சம் மாற்றி அதே லைனில் அடித்துவிடலாம்.

சமாதானம் பேசவும் பார்த்தார்கள். 1995-ல் இதே மாதிரி தோஷிபா, வார்னர் ஒரு பக்கமும் சோனி, பிலிப்ஸ் மறு பக்கமும் நின்று, ஐபிஎம் போன்ற கம்ப்யூட்டர் கம்பெனிகள் தலையிட்டுக் கடைசியில் டிவிடி என்று ஒரே வகை வந்தது. 2005-ல் மறுபடி உட்கார்ந்து பேசியபோது இந்த 0.1, 0.6 விஷயத்தில் யாரும் இறங்கி வரவில்லை. பேச்சு முறிந்தது. அன்று ஒத்துப்போயிருந்தால் வாங்குகிறவனுக்கு எத்தனை நிம்மதியாக இருந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் ஆதங்கம்தான்.

கடைக்கு முதலில் வந்தது எச்டி டிவிடி. 2006 ஏப்ரலில் அமெரிக்காவில் தோஷிபா பிளேயர் 499 டாலர், ஜூனில் வந்த சாம்சங் ப்ளூ-ரே பிளேயர் கிட்டத்தட்ட 1,000 டாலர். விலையைப் பார்த்தால் முடிவு தெரிந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் அந்த வருஷம் நவம்பரில் சோனி பிளேஸ்டேஷன் 3-க்குள்ளேயே ப்ளூ-ரேயை வைத்து விற்றது. கேம் விளையாட வாங்கியவன் வீட்டிலும் ப்ளூ-ரே பிளேயர் தானாக வந்து உட்கார்ந்தது. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு எச்டி டிவிடி டிரைவைத் தனியாக, 199 டாலருக்கு விற்றது. தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியதை எத்தனை பேர் வாங்குவார்கள்?

அதைவிடப் பெரிய காரணம் படக் கம்பெனிகள். சோனி, டிஸ்னி, ஃபாக்ஸ் ப்ளூ-ரே பக்கம். யுனிவர்சல் எச்டி டிவிடி பக்கம். இரண்டிலும் வெளியிட்டுக்கொண்டிருந்த பாரமவுண்ட் 2007 ஆகஸ்டில் ப்ளூ-ரேயை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்தது. அந்த நவம்பரில் வால்மார்ட் கடைகளில் தோஷிபா பிளேயர் 100 டாலருக்கும் கீழே போனது, அப்போதெல்லாம் எச்டி டிவிடி எழுந்து நின்றுவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். பிறகு 2008 ஜனவரி 4-ம் தேதி வார்னர் இனி ப்ளூ-ரே மட்டும்தான் என்று அறிவித்தது. லாஸ் வேகஸ் எலக்ட்ரானிக்ஸ் கண்காட்சிக்குச் சில நாளே இருக்கும்போது இது, எச்டி டிவிடி தரப்பு அங்கே வைத்திருந்த செய்தியாளர் சந்திப்பையே ரத்து செய்தது. அடுத்த மாதமே அப்போது டிஸ்க் வாடகைக்கு விட்ட நெட்ஃபிளிக்ஸ், பெரிய கடைகளான பெஸ்ட் பை, வால்மார்ட் வரிசையாக எச்டி டிவிடியிலிருந்து விலகின, பிப்ரவரி 19-ல் தோஷிபா கடையைக் கட்டியது. இதில் டிஸ்கின் தரம் எங்கே வந்தது? பெரிய கம்பெனிகளுக்குள் நடந்த கணக்கு இது, வாங்குகிறவன் கடையில் நின்று யோசித்து முடிப்பதற்குள் வேறு யாரோ முடிவு செய்துவிட்டார்கள்.

அப்போது மதுரையில் என்ன நிலைமை? 2006-ல் தமிழக அரசு இலவச டிவி கொடுக்க ஆரம்பித்தது, 14 இஞ்ச் பிக்சர் டியூப். உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கமெல்லாம் அந்த டிவியும் ஒரு விசிடி பிளேயரும்தான். மோசர் பேர் கம்பெனி விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்று, திருட்டு விசிடி விலைக்கே ஒரிஜினல் கிடைக்கும்படி செய்தது. நம்ம ஆட்கள் எதற்குக் காசு கொடுப்பார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. டிஸ்க் அடிக்கும் செலவு குறைவாக இருந்தால்தான் ஒரு வகை இந்த ஊர் வரைக்கும் இறங்கி வரும், அதற்கு வழி இருந்தது எச்டி டிவிடியில். எல்சிடி டிவி விலை இறங்கி நம்ம வீடுகளுக்குள் வந்தபோது அதோடு சேர்ந்து வர வேண்டிய டிஸ்க் அதற்கு முன்பே செத்துவிட்டது. ப்ளூ-ரே டிஸ்கோ இங்கே நூற்றுக்கணக்கான ரூபாயிலேயே நின்றது. மதுரைப் பையன்கள் ப்ளூ-ரேயைக் கையில் தொட்டதே பெரும்பாலும் கேம் சென்டரில்தான், பிளேஸ்டேஷன் டிஸ்காக.

ரீஜன் பூட்டு இன்னொரு கொடுமை. எச்டி டிவிடிக்கு அது கிடையவே கிடையாது. ப்ளூ-ரேயில் உலகத்தை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்தார்கள். இந்தியா சி, சிங்கப்பூரும் மலேசியாவும் ஏ, துபாய் பி. நம்ம பக்கம் யார் வீட்டில் சிங்கப்பூர் மாப்பிள்ளையும் துபாய் தம்பியும் இல்லை? மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பிளேயரில் தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்த டிஸ்கைப் போட்டால் ரீஜன் சரியில்லை என்று திரையில் வரும். எல்லா டிஸ்கிலும் இந்தப் பூட்டு இல்லை என்பது உண்மை, ஆனால் பிளேயர் ரிப்பேர் என்று தூக்கிக்கொண்டு கடைக்கு வருகிறவரிடம் ரிப்பேர் ஒன்றுமில்லை அண்ணே, இப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள் என்று விளக்கும்போது அவர் முகம் போகிற போக்கைப் பார்த்தால் உங்களுக்கும் கோபம் வரும்.

கல்யாண வீடியோ விஷயம் எனக்கு இன்னும் வருத்தம். அந்தக் காலத்திலேயே நல்ல வீடியோகிராபர்கள் எச்டி கேமராவில் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். கொடுப்பது மட்டும் டிவிடியில், அதாவது தெளிவைக் குறைத்து. எச்டி டிவிடி விதியிலேயே சாதாரண டிவிடி டிஸ்கில் எச்டி படத்தை எழுதி அந்த பிளேயரில் ஓட்ட இடம் வைத்திருந்தார்கள். நேரம் குறையும், அவ்வளவுதான், இரண்டு மூன்று டிஸ்காகப் பிரித்துக் கொடுத்திருக்கலாம். ப்ளூ-ரே பக்கமும் ஏவிசிஎச்டி என்று கிட்டத்தட்ட அதே வசதி வந்தது, ஆனால் அது பிளேயருக்கு பிளேயர் மாறும், ஒன்றில் ஓடுவது இன்னொன்றில் ஓடாது. அதனால் இங்கே ஸ்டுடியோக்காரர்கள் அதை நம்பவில்லை. பென் டிரைவ் வரும்வரை எத்தனையோ வீட்டுக் கல்யாணம் மங்கலாகவே போய்விட்டது, ஒரிஜினல் டேப்பும் பல இடத்தில் அழிந்துவிட்டது.

சரி, அந்த பிளேயர். அமெரிக்க செட் என்றால் பின்னால் 120 வோல்ட் என்று எழுதியிருக்கும், நம்ம 230-ல் நேராகச் சொருகினால் பவர் சப்ளை போய்விடும், ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் கட்டாயம் வேண்டும். எச்டி-ஏ1 மாடலாக இருந்தால் உள்ளே இருப்பது பென்டியம் 4 பிராசசரும் லினக்ஸும், ஒரு கம்ப்யூட்டரேதான், ஆன் செய்து டிஸ்க் போடுகிற நிலைக்கு வரவே நேரமெடுக்கும், பழுது என்று நினைத்துவிடாதீர்கள். அதில் படம் 1080i வரைதான் வரும், அதாவது வரி விட்டு வரியாக; முழு 1080p வராது. ஊதா லேசர் லென்ஸ் போனால் புதிது கிடைக்காது, இன்னொரு பழைய செட்டிலிருந்துதான் கழற்றிப் போட வேண்டும். டிஸ்கும் புதிதாக வராது, பழைய வார்னர் டிஸ்க்குகள் பல இப்போது ஓட மறுக்கின்றன என்று சேகரிக்கிறவர்கள் புலம்புகிறார்கள்.

படம் பார்க்க வேண்டும் என்பதற்காக வாங்காதீர்கள். அதன் மேல் உங்களுக்கு ஆசை இருந்தால், கூட ஓடுகிற டிஸ்க் சிலதும் கிடைத்தால், தாராளமாக வாங்குங்கள். ஆனால் காசு கொடுப்பதற்கு முன்னால் ஒரு டிஸ்கை முழுசாக, கடைசி வரை ஓடவிட்டுப் பாருங்கள், ஏனென்றால் லென்ஸ் பலவீனமாக இருந்தால் முதல் பத்து நிமிஷத்தில் தெரியாது, இரண்டாவது அடுக்குக்கு மாறுகிற இடத்தில்தான் திணறும்.