நாற்பதுக்கு மேல் ஹார்மோன் ஆரம்பித்தால் உடலில் மாற்றம் வருமா?

கேள்வி கேட்டவருக்கு 43 வயது. வீட்டுக் கடமைகளெல்லாம் ஒருவழியாக முடிந்து இப்போதுதான் திருநங்கையாக வாழலாம் என்று முடிவெடுத்திருக்கிறார். இருபதில் ஹார்மோன் தொடங்கியவர்களின் படங்களைப் பார்த்துப் பார்த்து, இனிமேல் மருந்து எடுத்து என்ன பிரயோஜனம் என்று கேட்கிறார்.

வரும். நான் தொடங்கியது 39ல், எனக்கு வந்தது. ஆனால் எது வரும், எது வராது என்பதை வயது எப்படித் தீர்மானிக்கிறது என்று தெரியாமல் ஆரம்பித்தால் ஏமாற்றமாக இருக்கும், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

பருவ வயதில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் செய்துவைத்த சில வேலைகளை எந்த மாத்திரையாலும் திருப்ப முடியாது. குரல் உடைந்தது உடைந்ததுதான், நாம் எடுக்கும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் அதைத் தொடுவதே இல்லை, பயிற்சி செய்துதான் மாற்ற வேண்டும். உயரம், தோள் அகலம், தாடை எலும்பு இவையும் அப்படித்தான். இதில் பலரும் கவனிக்காத விஷயம், எலும்பைப் பொறுத்தவரை 22க்கும் 42க்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. திருநங்கைகள் குடும்பமாகச் சேர்ந்து வாழும் எங்கள் ஜமாத் முறையில் எனக்கு மகளாக இருப்பவள் 21ல் தொடங்கினாள். அவள் தோளும் என் தோளும் ஒரே அகலம், அவள் குரலும் மாறவில்லை. பருவம் முடிவதற்கு முன்பே மருத்துவரிடம் போனவர்களுக்குத்தான் அங்கே உண்மையான லாபம், நம் ஊரில் அந்த வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைத்தது சொல்லுங்கள்.

தோல், கொழுப்பு, மார்பு, தசை இதெல்லாம் எந்த வயதிலும் ஈஸ்ட்ரோஜனுக்குப் பதில் சொல்லும். தோலில் எண்ணெய் குறைவது, மார்புக் காம்புக்கு அடியில் ஒரு கட்டி மாதிரி தோன்றி வலிப்பது எல்லாம் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஆரம்பிக்கும், முழு வளர்ச்சிக்கு இரண்டு மூன்று வருடம் ஆகும். ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருப்பவர் முழங்கை பட்டால் உயிர் போகும், அந்தச் சமயத்தில் அதிலும் ஒரு சந்தோஷம்! எங்கள் தெரு டெய்லர் அக்கா பிளவுஸுக்கு அளவெடுக்கும்போது டேப்பை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல், "உள்ள ரெண்டு இஞ்ச் துணி விட்டுத் தைக்கிறேன், அப்புறம் பிரிச்சுக்கலாம்" என்றார். பிரிக்க வேண்டித்தான் வந்தது. மகளுக்கு வந்ததைவிட எனக்குக் கொஞ்சம் அதிகம், அதில் அவளுக்கு இன்றுவரை கோபம். 2018ல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வில் 18 வயதிலிருந்து 69 வயது வரை 229 பேரின் மார்பு வளர்ச்சியை ஒரு வருடம் அளந்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு வளர்ச்சி சிறியதுதான், ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் கூடுதலாக இருந்தவர்களுக்குக் கூடுதலாக வளரவும் இல்லை. லேட்டாகிவிட்டது, அதனால் டோஸை இரட்டிப்பாக்கிக்கொள்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளவும். ரத்தத்தில் ஈஸ்ட்ரடயால் (ஈஸ்ட்ரோஜனில் முக்கியமான வகை) ஒரு மில்லிலிட்டருக்கு 100 முதல் 200 பிகோகிராம், டெஸ்டோஸ்டிரோன் ஒரு டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே, இதுதான் மருத்துவர்கள் பார்க்கும் இலக்கு.

ஏற்கெனவே இருக்கும் தொப்பை இடுப்புக்கு நகர்ந்து போகாது. புதிதாகப் போடும் சதைதான் புது இடத்தில் போய்ச் சேரும். நாற்பதில் தொப்பையோடு தொடங்குகிறவர்கள் நடக்கவும் வேண்டும், வேறு வழியில்லை.

வயது நிஜமாகவே அடிக்கும் இடம் முடி. வழுக்கை விழுந்த இடத்தில் ஹார்மோனால் திரும்ப முளைக்கும் என்று நம்பாதீர்கள், மேற்கொண்டு கொட்டுவது நிற்கும், அவ்வளவுதான். சமீபத்தில் மெலிந்த முடி ஓரளவு தேறலாம். தாடியையும் ஹார்மோன் எடுத்துவிடாது, வளரும் வேகம் குறையும். அதற்கு லேசர்தான், ஆனால் லேசர் முடியில் இருக்கும் கருநிறத்தைத்தான் தேடிப் போய்ச் சுடும், வெள்ளை முடி அதன் கண்ணுக்கே தெரியாது. மோவாயில் நரைத்த பிறகு போனால் ஒவ்வொரு முடியாக ஊசி வைத்து மின்சாரத்தால் எரிக்கும் எலக்ட்ராலிசிஸ் மட்டும்தான் மிச்சம், வலியும் செலவும் நேரமும் அதிகம். ஆகவே உங்கள் வயதில் ஹார்மோனுக்கு இன்னும் நாலு மாதம் காத்திருந்தாலும் பரவாயில்லை, தாடி கறுப்பாக இருக்கும்போதே லேசரை ஆரம்பித்துவிடுங்கள். நம் நிறத் தோலுக்கு என்டி யாக் வகை லேசர் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், வெள்ளைத் தோலுக்கென்று செய்த மெஷினில் முகம் வெந்துவிடும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நாற்பதுக்கு மேல் தொடங்கும்போது பெரிதாக வித்தியாசப்படுவது கிடைக்கும் பலன் இல்லை, மருந்தின் ஆபத்துதான். நம்மில் எத்தனையோ பேர் மெடிக்கல் ஷாப்பில் மாலா-டி என்ற கருத்தடை மாத்திரை அட்டையை வாங்கி விழுங்கித்தான் ஆரம்பித்திருக்கிறோம். அதில் இருப்பது எத்தினைல் ஈஸ்ட்ரடயால், ரத்தம் உறைய வைப்பதில் கில்லாடி. 35 தாண்டிப் புகைபிடிக்கும் பெண்களுக்கே ஈஸ்ட்ரோஜன் கலந்த இந்த மாதிரிக் கருத்தடை மாத்திரை கொடுக்கக் கூடாது என்பதுதான் மருத்துவ விதி. 966 திருநங்கைகளைப் பல வருடம் கவனித்து 2011ல் வெளியான ஆய்வில், இந்த மருந்தை எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இதயநோயால் சாகும் அபாயம் மூன்று மடங்கு இருந்தது. இருபதில் அதை விழுங்கிவிட்டுத் தப்பியவள் கதையைக் கேட்டு நாற்பதில் நீங்கள் விழுங்காதீர்கள். டாக்டர்கள் எழுதித் தரும் ஈஸ்ட்ரடயால் வேலரேட் வேறு மருந்து. அதையும் வாயால் எடுக்கும்போது முதலில் ஈரலுக்குப் போய் உறைதலைத் தூண்டும் புரதங்களைக் கூட்டுகிறது, தோலில் தடவும் ஜெல்லோ ஒட்டும் பேட்சோ ஈரலைத் தவிர்த்து நேராக ரத்தத்துக்குப் போகிறது. வயது கூடினால் மருத்துவர்கள் தோல்வழியை விரும்புவது இதனால்தான். விலை கூடுதல். சிகரெட்டை விட்டால் அந்தக் காசு வந்துவிடும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது பிரஷர் மாத்திரை. 43 வயதில் உங்களுக்கு பிபி, சுகர் ஏதாவது இருக்க வாய்ப்பு அதிகம், பிரஷருக்குப் பலருக்கும் டெல்மிசார்டன் எழுதிக்கொடுத்திருப்பார்கள். டெஸ்டோஸ்டிரோனை அடக்க நமக்குக் கொடுப்பதில் ஒன்று ஸ்பைரோனோலாக்டோன். இரண்டுமே உடலில் பொட்டாசியத்தைத் தேக்கும். சேர்த்து எடுத்து, கோடையில் தினம் இளநீரும் குடித்து, சிறுநீரகமும் சுமாராக இருந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். பிரஷர் பார்க்கும் டாக்டரிடம் ஹார்மோனை மறைப்பதும், ஹார்மோன் டாக்டரிடம் பிரஷரைச் சொன்னால் மருந்து தர மாட்டாரோ என்று மறைப்பதும் நம்மிடம் சகஜம். மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு இரண்டு டாக்டர் மேஜையிலும் கொட்டுங்கள். என் டாக்டர் அப்படிப் பார்த்துவிட்டுத்தான் எனக்கு ஸ்பைரோனோலாக்டோன் வேண்டாம் என்று, டெஸ்டோஸ்டிரோனை அடக்கும் இன்னொரு மருந்தான சைப்ரோடெரோனுக்கு மாற்றினார். அதையும் ஒரு காலத்தில் 50, 100 மில்லிகிராம் என்று அள்ளிக் கொடுத்தார்கள். 2022ல் வந்த உலகளாவிய வழிகாட்டுதல் ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம் போதும் என்கிறது, நிறைய டோஸில் வருடக்கணக்கில் எடுத்தால் மூளை உறையில் கட்டி வரும் அபாயம் உண்டு.

நிர்வாணம், அதாவது ஆணுறுப்பையும் விரைகளையும் நீக்கும் அறுவை, முடித்தவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோனை அடக்கும் இந்தத் தடுப்பு மருந்து எதுவும் தேவையில்லை, அது ஒரு சௌகரியம். ஆனால் சிறுவயதிலேயே நிர்வாணம் செய்துகொண்டு ஹார்மோன் பக்கமே போகாத மூத்த அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை: உடலில் இரண்டு ஹார்மோனும் இல்லாவிட்டால் எலும்பு அரிக்கும். ஓயாத முதுகுவலியை வயசாச்சு என்று விட்டுவிடாமல் எலும்பு அடர்த்தி ஸ்கேன் ஒன்று எடுத்துப் பாருங்கள். அவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் அழகுக்காக இல்லை, எலும்புக்காக.

எங்கே போவது என்றால், நாளமில்லாச் சுரப்பி மருத்துவர், அதாவது என்டோகிரைனாலஜிஸ்ட். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் நமக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, வெளியூர்க்காரர்கள் பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள். போகும்போது சுகர், கொழுப்பு, ஈரல், சிறுநீரகம், பொட்டாசியம் ரிப்போர்ட் கையில் இருந்தால் ஒரு அலைச்சல் மிச்சம். வீட்டில் யாருக்காவது காலில் ரத்தம் கட்டியிருந்தால், மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்க வேண்டும்.

ஐம்பது வந்தால் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது போல நாமும் மருந்தை நிறுத்த வேண்டுமா என்றும் இன்னொருவர் கேட்டிருக்கிறார். கட்டாயம் நிறுத்த வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. டோஸைக் குறைத்து ஜெல்லில் தொடர்கிறவர்கள் இருக்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்யப்போகிறேன், ரிப்போர்ட் ஒத்துழைத்தால்.