ஒரே கீபோர்டு, இரண்டு வாத்தியம்

கேள்வி: ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு வாசிக்கப் போகிறோம். ஒரே மிடி கீபோர்டில் (ஒலிக்குப் பதில் ஸ்வரச் செய்திகளை இசை மென்பொருளுக்கு அனுப்பும் கீபோர்டு) இடக்கைக்கு பேஸ் (தாழ்ந்த ஒலி வாத்தியம்), வலக்கைக்கு வயலின் வேண்டும். எதை அழுத்தினாலும் இரண்டும் சேர்ந்தே ஒலிக்கின்றன, பெடலை மிதித்தால் பேஸும் இழுக்கிறது. என்ன செய்வது?
– வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: மென்பொருளில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு டிராக் இருக்கும். இரண்டு டிராக்கும் எல்லா மிடி செய்திகளையும் வாங்குகின்றன, அதனால்தான். ஒவ்வொரு டிராக்கிலும் வாத்தியத்துக்கு முன்னால், குறிப்பிட்ட ஸ்வரங்களை மட்டும் உள்ளே விடும் ஒரு நோட் ஃபில்டர் போடுங்கள். மிடியில் ஸ்வரங்களுக்கு 0 முதல் 127 வரை எண் உண்டு, நடு சி (கீபோர்டின் நடுவே உள்ள C கட்டை) 60, ஆகவே பேஸுக்கு 0–59, வயலினுக்கு 60–127 என்று பிரித்தால் போதும். பேஸை ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) இறக்க வேண்டுமென்றால் ஃபில்டருக்குப் பிறகு இறக்குங்கள், முன்னால் இறக்கினால் வலக்கை ஸ்வரங்களும் 60-க்குக் கீழே வந்து பேஸில் புகுந்துவிடும்.

அப்புறம் பெடல். பலரும் தடுமாறும் இடம் இதுதான். பெடல் அனுப்புவது ஸ்வரம் இல்லை, ஒலியை நீட்டச் சொல்லும் 64-ஆம் கன்ட்ரோலர் (கட்டுப்பாட்டு) செய்தி, அதனால் நோட் ஃபில்டர் அதைப் பெரும்பாலும் தடுக்காது, அந்தச் செய்தி அது போகும் சேனல் (மிடி வழித்தடம்) முழுவதற்கும் பொருந்தும். பேஸ் டிராக்கில் மட்டும் 64-ஐத் தனியாகத் தடுங்கள். மேடைக்கு முன் ஒருமுறை பெடலை மிதித்து, இரண்டு கையாலும் வாசித்துப் பாருங்கள்.