பாட்டாவின் டிவிடி பிளேயருக்கு ஒரு வீடியோ

மார்த்தாண்டம் பக்கம் பதினைந்து வருஷமாகக் கல்யாணம், கோயில் கொடை, திருவிழா என்று வீடியோ எடுத்து வருகிறேன். பென்டிரைவ் காலத்திலும் டிவிடி கேட்டு வருகிறவர்கள் குறையவில்லை. வந்த கேள்விகளுக்குப் பதில் இதோ.

குலசேகரத்திலிருந்து ஒரு தம்பி: அண்ணே, கோயில் கொடையில் நடந்த வில்லுப்பாட்டை போனில் எடுத்தேன். எம்பி4 ஃபைலை அப்படியே டிவிடியில் பதிந்து பாட்டாவிடம் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் ஓடுகிறது, பிளேயரில் ஓடவில்லை. ஏன்?

தேங்காயை உரிக்காமலே துருவ உட்கார்ந்துவிட்டீர்கள் தம்பி. நீங்கள் பதிந்தது ஃபைலை அப்படியே வைத்த வெறும் டேட்டா டிஸ்க். பழைய பிளேயர் எதிர்பார்ப்பது எம்பெக்-2 என்ற வகை வீடியோ. நம் ஊர் டிவிக்கான பால் (PAL) முறைக்கு அது 720க்கு 576 புள்ளி அளவு, நொடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 படம். ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். இதையெல்லாம் வீடியோ டிஎஸ் (VIDEO_TS) என்ற ஃபோல்டருக்குள் அதற்கான ஒழுங்கில் அடுக்கியிருக்க வேண்டும். டிவிடி ஸ்டைலர் என்ற இலவச மென்பொருள் மாற்றுவது, மெனு போடுவது, அடுக்குவது எல்லாவற்றையும் செய்துவிடும். அது ஐஎஸ்ஓ ஃபைலாக, அதாவது முழு டிஸ்கும் அடங்கிய ஒரே ஃபைலாகத் தந்தால் அதை இழுத்து டிஸ்கில் போட்டுவிடாதீர்கள். 'இமேஜைப் பதி' என்ற வழியில்தான் எழுத வேண்டும். பாதிப்பேர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். எழுதும் முன் கம்ப்யூட்டரில் விஎல்சி என்ற பிளேயரில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், ஒரு டிஸ்க் மிச்சமாகும்.

தக்கலையிலிருந்து ஒரு அக்கா: மூன்றரை மணி நேரக் கல்யாண வீடியோவை ஒரே டிஸ்கில் அடக்க முடியுமா?

அடக்கலாம் அக்கா, பார்க்கத்தான் முடியாது. டிஸ்கில் 4.7 ஜிபி என்று எழுதியிருக்கும். கம்ப்யூட்டர் 4.38 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, எண்ணும் முறை வேறு, அவ்வளவுதான். அந்த இடத்தில் இரண்டு மணி நேரம் வைத்தால் ஒவ்வொரு நொடி வீடியோவுக்கும் சுமார் 5 மெகாபிட் இடம் கிடைக்கும், படம் நன்றாக இருக்கும். மூன்றரை மணி நேரம் என்றால் 3-க்கும் கீழே போய்விடும். பட்டுச்சேலை ஜரிகையும் மணவறை சீரியல் லைட்டும் கட்டம் கட்டமாக உடையும். தாலி கட்டு வரை ஒன்று, வரவேற்பு இன்னொன்று என்று இரண்டாகப் பிரியுங்கள். மேடையில் வரிசையாகக் கவர் கொடுக்கும் ஒரு மணி நேரத்தை வெட்டலாமே என்று எனக்குத் தோன்றும். ஆனால் வெட்டினால் எந்த மாமா கோபித்துக்கொள்வார் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

கருங்கலிலிருந்து ஒருவர்: அரை மணி நேரம் போனதும் வாய் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம். என்ன கோளாறு?

பெரும்பாலும் போனில் எடுத்த வீடியோவாகத்தான் இருக்கும். வெளிச்சம் குறைந்தால் போன் ஃபிரேம் வேகத்தைத் தானே மாற்றிக்கொள்ளும். டிவிடிக்கு மாற்றும்போது அதனால்தான் படமும் சத்தமும் விலகுகிறது. முதலில் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் 'மாறாத ஃபிரேம் வேகம்' என்று தேர்ந்து ஒரு எம்பி4 எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதிலிருந்து டிவிடி போடுங்கள். ஹேண்ட்பிரேக் டிவிடி போட்டுத் தராது, அது வேறு வேலைக்கு.

கொளச்சலிலிருந்து ஒரு சார்: 2006-இல் மினி டிவி (MiniDV) கேமரா டேப்பில் எடுத்த எங்கள் கல்யாணம். கம்ப்யூட்டரில் சரியாக இருக்கிறது. டிவியில் ஆள் நடந்தால் உதறுகிறது.

இதைக் கவனிக்காமல் நானே ஒருமுறை முப்பது டிஸ்க் பாழாக்கியிருக்கிறேன் சார். அந்த கேமராக்கள் ஒவ்வொரு ஃபிரேமையும் ஒற்றைப்படைக் கோடுகள், இரட்டைப்படைக் கோடுகள் என இரண்டு பாதியாக எடுக்கும். உங்கள் டேப்பில் இரட்டைப்படைப் பாதிதான் முதலில்; மென்பொருளில் அதற்குப் பெயர் 'கீழ்'. மென்பொருள் 'மேல் முதலில்' என்று எடுத்துக்கொண்டால் ஆள் ஒரு அடி முன்னே, அரை அடி பின்னே போவார். அசையாத காட்சியில் தெரியாது. குருசடி என்ற சின்னச் சிலுவைக் கோயிலிலிருந்து பெண் இறங்கி வரும்போது தெரியும். 'கீழ் முதலில்' என்று மாற்றி, மறுபடி போடுங்கள்.

திங்கள்நகரிலிருந்து ஒரு தம்பி: துபாயில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்பினால் ஓடுமா?

ஓடும். ஒரு பகுதி நாடுகளின் டிஸ்க் வேறு பகுதியில் ஓடாமல் தடுக்கும் மண்டலப் பூட்டு கடையில் விற்கும் படங்களுக்குத்தான். நாம் போடுவதில் இருக்காது.

நாகர்கோவிலிலிருந்து ஒரு அம்மா: டிஸ்கில் மணமக்கள் படம் ஒட்டிக் கொடுத்தார்கள். இப்போது பிளேயரில் கரகரவென்று சத்தம்.

ஸ்டிக்கர்தான் காரணம் அம்மா. ஒரு ஓரம் தூக்கினாலும் டிஸ்க் சுற்றும்போது ஆடும். பிய்க்காதீர்கள், டிஸ்க் வளைந்து கெட்டுப்போகலாம். ஓடும் ஏதாவது கம்ப்யூட்டரில் உடனே பிரதி எடுத்துவிட்டு, புது டிஸ்கில் மெதுவான வேகத்தில் எழுதச் சொல்லுங்கள். பெயரை மார்க்கர் பேனாவால் எழுதினால் போதும்.