வழுக்கும் ஸ்கீக்கு ஏன் ஒட்டும் மெழுகு?

கேள்வி: மகளைப் பார்க்க ஒஸ்லோ போய் இந்தப் பங்குனியில்தான் திரும்பினேன். அங்கே மருமகன் சனிக்கிழமை விடிய எழும்பி, வெளியில் எத்தனை பாகை குளிர் என்று பார்த்துவிட்டுத்தான் பனியில் சறுக்கக் காலில் மாட்டுகிற நீளப் பலகையான ஸ்கீயின் அடியில் மெழுகு தேய்ப்பார். தொட்டுப் பார்த்தேன், விரலில் ஒட்டியது. வழுக்கி ஓடுகிற சாமானுக்கு ஒட்டுகிற மெழுகு எதற்கு? பேரனுக்குக் கட்டையாகிப்போன ஒரு சோடியை ஆசையில் கொண்டுவந்துவிட்டேன். இந்த வெயிலில் அதை எப்படி வைத்திருப்பது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கொக்குவில்

பதில்: ஐயா, நீங்கள் தொட்டது ஸ்கீயின் நடுப்பகுதி. மலையிலிருந்து இறங்க மட்டும் பாவிக்கிற ஸ்கீ வேறு. இதில் சமதரையிலும் ஏற்றத்திலும் காலால் உந்தி உந்தித்தான் போகவேண்டும், உந்துகிற நேரம் கால் பின்னுக்கு வழுக்கினால் ஓரடி நகர முடியாது. பனையில் ஏறுகிறவருக்குத் தளைநார் எப்படியோ அப்படித்தான் அந்த மெழுகு. ஸ்கீயைத் தரையில் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள், நடு வில்லுப்போல எழும்பி நிற்கும். சறுக்கிப் போகும்போது அந்த இடம் பனியில் அழுந்தாது. காலை ஊன்றி உந்தும்போதுதான் அழுந்தும், அப்போது பனித்துகள்களின் கூர் மெழுகில் குத்திப் பிடித்துக்கொள்ளும். முன்னுக்கும் பின்னுக்கும் பூசுவது வழுக்கு மெழுகு, அது வேறு.

மருமகன் குளிரைப் பார்த்ததும் இதற்காகத்தான். நல்ல குளிருக்கு நீலம், 0 பாகையை ஒட்டி ஊதா, ஈரப்பனிக்குச் சிவப்பு. குளிர்நாளில் சிவப்பைப் பூசினால் பனி கட்டியாக அடியில் ஒட்டி நகரவே விடாது. உருகி மறுபடி இறுகின பனிக்கு, ரியூப்பில் வருகிற, பாணி மாதிரியான பசை. மெழுகை மெல்லிசாகப் பூசித் தக்கையால் தேய்த்து, அப்புறம் அடுத்த பூச்சு. தடிப்பாக ஒரேயடியாக அப்பினால் நிற்காது.

சரி, உங்கள் சோடி. முதலில் நடுவைத் தடவுங்கள். மீன்செதில் மாதிரி வரியோ மயிர்ப்பட்டியோ இருந்தால் அதற்கு ஒட்டுமெழுகே தேவையில்லை, பிள்ளைகளின் ஸ்கீ பல அப்படித்தான். ஒட்டுமெழுகு இருந்தால் பிளாஸ்ரிக் துண்டால் சுரண்டி, மிச்சத்தை ரேர்பன்ரைன் தோய்த்த துணியால் துடையுங்கள். விட்டால் நம்மூர்ச் சூட்டில் இளகி வழிந்து, தூசியெல்லாம் வந்து ஒட்டும். பிறகு முன்னிலும் பின்னிலும் வழுக்கு மெழுகை உருக்கி ஊற்றி, உடுப்பு மினுக்கும் பெட்டியை மெல்லிய சூட்டில் நிறுத்தாமல் இழுங்கள். அடிப்பாகம் பொலித்தீன் வகை, 130 பாகையளவில் உருகிவிடும். மெழுகு புகைந்தால் சூடு கூடிப்போயிற்று. பூசியதைச் சுரண்டாமல் அப்படியே விடுங்கள், அடி காய்ந்து வெளிறாமல் அதுதான் காக்கும். நினைவுக்காக வைப்பதென்றால் வெள்ளை மெழுகுதிரியே போதும் என்பேன்.

மருமகனின் பழைய பெட்டியிலிருந்து மெழுகு கொண்டுவந்திருந்தால், ஃபுளோரின் கலந்ததா என்று லேபலைப் பாருங்கள். கலந்ததென்றால் உருக்கவே வேண்டாம், புகை நெஞ்சுக்குக் கூடாது. சர்வதேசப் பனிச்சறுக்குப் போட்டிகளில் 2023-24 பருவத்திலிருந்து அதற்குத் தடை.

தகரக் கூரைக்குக் கீழே செருகாமல் நிழலான அறையில் வையுங்கள். இரண்டையும் சேர்த்து நடுவில் இறுக்கிக் கட்டாதீர்கள், அந்த வில் வளைவு தட்டையாகிவிடும்.