வெள்ளியில் வைத்த தெர்மாமீட்டர் – கடிதம்

அன்புள்ள சார்,

வெள்ளி கோளைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். அதன் தரையில் 465 டிகிரி செல்சியஸ் வெப்பம், ஈயத்தை வைத்தால் உருகி ஓடிவிடும் என்று எழுதியிருந்தீர்கள். எப்போதும் மேகம் மூடியிருப்பதால் சாதாரணத் தொலைநோக்கியில் அந்தத் தரை தெரியவே தெரியாது என்றும் அதே கட்டுரையில் இருக்கிறது. கண்ணுக்கே தெரியாத தரையின் சூட்டை எப்படி இவ்வளவு அடித்துச் சொல்கிறார்கள்? நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். வவுச்சர் இல்லாத கணக்கை ஒப்புக்கொண்டு பழக்கமில்லை. நேரில் போய் அளக்காதவரை இது அனுமானம்தானே?

இன்னொன்று. இஸ்ரோ வெள்ளிக்கு அனுப்பப்போகும் கலம் தரையிறங்காதாம், மேலேயே சுற்றுமாம். 1,236 கோடி செலவழித்துச் சுற்றுவதில் என்ன பயன்?

அன்புடன்,
எஸ்., தஞ்சாவூர்

அன்புள்ள எஸ்.,

வவுச்சர் இருக்கிறது, அதுவும் ஒன்றுக்கு நாலாக. நேரில் போயும் அளந்திருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், முதன்முதலில் நேரில் போன கலத்தின் கணக்குதான் உதைத்தது. தூரத்தில் நின்று அளந்தவர்கள் சொன்னது சரியாக இருந்தது. அதனால் ‘நேரில் போனால்தான் உண்மை’ என்பதை நான் அப்படியே ஏற்கமாட்டேன்.

மேகம் இருந்தால் தண்ணீர் இருக்கும், தண்ணீர் இருந்தால் சேறும் செடியும் இருக்கும் என்றுதான் ஒரு காலத்தில் நினைத்தார்கள். நோபல் பரிசு பெற்ற அரீனியஸே 1918-ல் வெள்ளியைச் சதுப்புநிலமாக வர்ணித்தார். 1932-ல் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் வெள்ளியிலிருந்து வரும் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்த ஆடம்ஸும் டன்ஹமும் அங்கே கரியமில வாயு இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அப்போதும் கடல் கனவு கலையவில்லை.

1956-ல் வாஷிங்டனில் கார்னெல் மேயரும் அவருடைய குழுவினரும் வெள்ளியை நோக்கி ஒரு ரேடியோ ஆன்டெனாவைத் திருப்பினார்கள். சூடான எந்தப் பொருளும் ரேடியோ அலையை வெளியிடும். எவ்வளவு வெளியிடுகிறது என்பதிலிருந்து சூட்டைக் கணக்கிடலாம். அவர்கள் பிடித்த 3 சென்டிமீட்டர் அலைக்கு மேகம் ஒரு தடையே இல்லை. கணக்குப் போட்டால் 300 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வந்தது. யாரும் எதிர்பார்க்காத எண் அது.

உங்களைப் போன்றவர்கள் அன்றும் இருந்தார்கள், நல்லவேளை. இந்த அலை தரையிலிருந்துதான் வருகிறது என்பதற்கு என்ன ஆதாரம், வளிமண்டலத்தின் உச்சியில் இருக்கும் மின்னூட்டப் படலத்திலிருந்து வரலாமே, அப்படியானால் தரை குளுகுளுவென்று இருக்கலாமே என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. இதைத் தீர்க்க ஒரு வழி இருந்தது. அலை உச்சிப் படலத்திலிருந்து வந்தால், கோளின் விளிம்பைப் பார்க்கும்போது அந்தப் படலத்தைச் சாய்வாக, அதிக ஆழத்துக்குப் பார்ப்போம். அதனால் விளிம்பு நடுப்பகுதியைவிடப் பிரகாசமாக இருக்க வேண்டும். தரையிலிருந்து வந்தால் கதை தலைகீழ். விளிம்பிலிருந்து வரும் அலை அடர்ந்த காற்றைச் சாய்வாகக் கடந்து வர வேண்டும், வழியிலேயே கொஞ்சம் உறிஞ்சப்பட்டு மங்கும். 1962 டிசம்பர் 14 அன்று அமெரிக்காவின் மாரினர்-2 கலம் வெள்ளியைக் கடந்து போகிற போக்கில் மூன்றே முறை அதன் குறுக்கே அளந்தது. விளிம்பு மங்கலாகத்தான் இருந்தது. தரையில் கால் வைக்காமலேயே வழக்கு முடிந்துவிட்டது என்பேன்.

இனி நேரில் போன கதை. சோவியத் நாட்டின் வெனீரா-4, 1967 அக்டோபர் 18 அன்று பாராசூட்டில் இறங்கியது. தண்ணீரில் விழுந்தாலும் விழலாம் என்று அதில் சர்க்கரையால் ஒரு பூட்டு வைத்திருந்தார்கள். நனைந்தால் கரைந்து ஆன்டெனாவை விடுவிக்கும் ஏற்பாடு. மாரினர்-2-க்கு ஐந்து வருஷம் கழித்தும் கடல் ஆசை விடவில்லை பாருங்கள்! இறங்க இறங்கச் சூடும் அழுத்தமும் ஏறின. 262 டிகிரியில் தொடர்பு அறுந்தது. தரையைத் தொட்டுவிட்டது, தரையின் சூடு இதுதான் என்று அறிவித்தார்கள்.

மறுநாளே மாரினர்-5 வெள்ளியின் பின்பக்கமாகச் சென்றது. அது அனுப்பிய ரேடியோ அலை வெள்ளியின் காற்றை ஊடுருவி வரும்போது வளைந்தது. அந்த வளைவிலிருந்து, கோளின் மையத்திலிருந்து எத்தனை கிலோமீட்டரில் என்ன அழுத்தம் என்று கணக்கிட்டார்கள். வெள்ளியின் ஆரம் எவ்வளவு என்பதை அதற்கு முன்பே பூமியிலிருந்து ராடார் அடித்து அளந்திருந்தார்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. வெனீரா-4 மௌனமான இடம் தரையே அல்ல, தரைக்கு மேலே சுமார் 25 கிலோமீட்டர். தெர்மாமீட்டர் பொய் சொல்லவில்லை. தான் எங்கே இருக்கிறோம் என்பதுதான் அதற்குத் தெரியவில்லை.

உண்மையில் தரை வரை போய்ப் பேசிய முதல் கலம் வெனீரா-7. 1970 டிசம்பர் 15. கடைசிக் கட்டத்தில் பாராசூட் கைவிட்டது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் மோதியது, சத்தம் நின்றது. முடிந்தது என்றுதான் நினைத்தார்கள். பதிவு நாடாக்களைப் பிறகு அலசியபோது இரைச்சலுக்கு அடியில் நூற்றில் ஒரு பங்கு வலுவில் சிக்னல் இருந்தது, இருபது நிமிடத்துக்கு மேல். கலம் பக்கவாட்டில் சாய்ந்து ஆன்டெனா வேறெங்கோ பார்த்திருக்கும் போல. இதில் இன்னொரு கோளாறு: கருவிகளை மாற்றி மாற்றி இணைக்கும் சுவிட்ச் வெப்பநிலையிலேயே மாட்டிக்கொண்டதால் வந்தது அந்த ஒரே ஒரு எண்தான். 475 டிகிரி, இருபது கூடக் குறைய இருக்கலாம். அழுத்தமானியின் கணக்கு வரவே இல்லை. ஆனால் அலையின் அதிர்வெண் மாறிய விதத்தில் விழும் வேகம் பதிவாகியிருந்தது. வேகம் தெரிந்தால் நிமிடத்துக்கு எவ்வளவு இறங்கியது என்று தெரியும். கூடவே ஏறிய சூட்டைச் சேர்த்தால் அழுத்தத்தையும் கணக்கிட்டுவிடலாம். பூமியின் தரையில் நம்மை அழுத்தும் காற்றைப் போல சுமார் 90 மடங்கு என்று வந்தது. கடலில் 900 மீட்டர் ஆழத்தில் இருக்கும் அழுத்தம் அது.

தூரத்திலிருந்து அளந்ததும் நேரில் போய் அளந்ததும் அதற்குப் பிறகு ஒத்துப்போனதால்தான் அந்த 465-ஐ ‘ஏறத்தாழ’ கூடப் போடாமல் எழுதினேன்.

படம் வேண்டுமென்றால் 1982-ல் இறங்கிய வெனீரா-13 எடுத்தவற்றைப் பாருங்கள். ஆரஞ்சு வெளிச்சத்தில் தட்டைத் தட்டையாக எரிமலைப் பாறை, முன்னால் கலத்தின் பல்சக்கர விளிம்பு. 127 நிமிடம் தாக்குப்பிடித்தது. அதன் ஜோடி வெனீரா-14 தரையின் உறுதியைச் சோதிக்கக் கை நீட்டியபோது, கழன்று விழுந்திருந்த தன் கேமரா மூடியின் மேலேயே அதை ஊன்றியதாகச் சொல்வார்கள்.

இஸ்ரோ கலத்துக்கு வருகிறேன். அது 2028-ல் புறப்படுவதாகத் திட்டம். சுற்றுவதில் என்ன பயன் என்கிறீர்கள். தரையிறங்கிய எந்தக் கலமும் அந்தச் சூட்டில் சில மணி நேரத்துக்கு மேல் உழைத்ததில்லை, பார்த்ததும் காலடியில் இருந்த சில மீட்டர்தான். அமெரிக்காவின் மெகல்லன் தரையைத் தொடாமல் 1990 முதல் நாலு வருஷம் சுற்றி, ராடாரால் வெள்ளியில் 98 சதவீதத்துக்குப் படம் எடுத்தது. அந்தப் பழைய படங்களை மறுபடி ஒப்பிட்டுப் பார்த்த இருவர் 2023-ல் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். மாட் மோன்ஸ் எரிமலையில் ஒரு வாய், 1991 பிப்ரவரியில் சுமார் 2 சதுர கிலோமீட்டர். அக்டோபரில் அது கிட்டத்தட்ட 4 சதுர கிலோமீட்டராகி, உருவமும் மாறியிருந்தது. வெள்ளியில் எரிமலைகள் இன்னும் உயிரோடு இருப்பதற்கு நேரடி ஆதாரமாக அதைத்தான் காட்டினார்கள்.

இஸ்ரோ கலத்திலும் ராடார் போகிறது. மெகல்லன் படமெடுத்த அதே தரையை முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் கழித்து இது மறுபடி பார்க்கும்போது, எட்டு மாதத்தில் தெரிந்த மாற்றத்தைப் போல இன்னும் எத்தனை இடத்தில் தெரிகிறது என்று எண்ணிப் பார்க்கலாம். 1,236 கோடிக்கு எனக்கு அது கட்டுப்படியாகிறது.