ஒரு நடிகர் பாத்திரத்துக்கு 'அப்படியே பொருந்தினார்' என்றால் என்ன அர்த்தம்?

நடிகரைத் தனியாக, பாத்திரத்தைத் தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாமல் போவதுதான் பொருத்தம். உடல், குரல், நடை மூன்றும் கதை நடக்கும் ஊரோடு ஒத்துப்போக வேண்டும். பழகிய முகம் குறுக்கே வரக்கூடாது. 2007இல் வந்த 'பருத்திவீரன்' கார்த்திக்கு முதல் படம். லுங்கியை மடித்துக் கட்டி வந்தவரை மதுரைப் பக்கத்து ஆளாகவே எடுத்துக்கொண்டோம். ப்ரியாமணி ஒரு படி மேல் (என் கட்சி அது): நாயகி முத்தழகாக நடித்துச் சொந்தக் குரலும் கொடுத்தார், அப்புறம் தேசிய விருது.

மதுரை மீனாட்சி கோயில் எதிரே உள்ள புதுமண்டபத்தில் முன்பு தையல்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்களே, அங்கே அளவு கொடுத்துத் தைத்த சட்டைக்கும் ரெடிமேடு சட்டைக்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

மதுரைக்காரர்தான் மதுரைக்காரராகப் பொருந்துவார் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் கார்த்தி சென்னையில் வளர்ந்து அமெரிக்காவில் படித்தவர், ப்ரியாமணி பெங்களூருக்காரர்.